கார் பேட்டரியில் உப்பு பூத்திருக்கிறதா? கழுவும் முன் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் பானெட்டைத் திறந்தால், பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ உப்பு பூத்திருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒரு சொம்பு வெந்நீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவதுதான் பலருக்கும் வழக்கம். பொடி போய்விடும், சரி. அது எங்கிருந்து வந்தது என்ற தடயமும் கூடவே போய்விடும். அதனால் முதலில் பார்ப்போம், அப்புறம் கழுவுவோம்.

1. தொடும் முன்

இன்ஜினை நிறுத்தி ஆற விடுங்கள். ரப்பர் கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் வேண்டும். மோதிரம், காப்பைக் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. நிறத்தையும் ஈரத்தையும் பாருங்கள்

வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஈய சல்பேட். நச்சுப் பொருள் அது. வாயால் ஊதாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்கவும் வேண்டாம். நீலப்பச்சை என்றால் ஒயரின் செம்பை ஆசிட் அரிக்கிறது என்று அர்த்தம். கேபிளின் உறையைக் கொஞ்சம் விலக்கி, உள்ளேயும் பச்சை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மேலே மட்டும் சுத்தம் செய்து பயனில்லை, கேபிளையே மாற்ற வேண்டும்.

அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவத்தில் இங்கே சாரல் விடாது. பேட்டரியைச் சுற்றி ஈரமாக இருந்தாலே ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, அந்த ஈரத்தில் சில சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் ஆசிட். நுரைக்கவில்லை என்றால் அநேகமாக மழைத்தண்ணீர்தான்.

ஆசிட் என்றால், எந்த இடம் என்று தேடுங்கள். மூடியைச் சுற்றி மட்டும் இருந்தால் யாரோ டிஸ்டில்டு வாட்டரை அளவுக்கு மீறி ஊற்றியிருக்கலாம். கோட்டைவாசல் ஏற்றத்தில் குலுங்கும்போது மூடித் துளை வழியே வழியும். டெர்மினலின் அடியில் என்றால் அதைச் சுற்றியுள்ள சீல் விட்டிருக்கும். அடித்தட்டில் என்றால் பெட்டியில் விரிசல். பிடிப்புக் கம்பி தளர்ந்து பேட்டரி ஆடிக்கொண்டிருந்தாலும், கம்பியை மிகையாக முறுக்கினாலும் விரிசல் வரும்.

3. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்

மலிவான மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 15-ஐத் தாண்டினால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டரின் (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில். அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் பொங்கும். அழுகிய முட்டை வாடை, பக்கவாட்டில் வீக்கம் இரண்டும் இதே மிகை சார்ஜின் அடையாளங்கள்.

4. இப்போது கழுவலாம்

முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றுங்கள். பல வண்டிகளுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் சரியாக இருக்கும். நெகட்டிவ் கழன்ற பிறகு ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஷார்ட் ஆகாது, வரிசை அதற்காகத்தான். சோடாத் தண்ணீரை ஊற்றி, நுரை அடங்கியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு சொட்டுகூட மூடி வழியே உள்ளே போகக் கூடாது. உள்ளே இருக்கும் ஆசிட் கெட்டுவிடும். நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காய விடுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். டெர்மினலைப் பிடிக்கும் கிளாம்ப் கையால் அசைத்தால் அசையக் கூடாது. மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் மேல்கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம்.

5. எப்போது மாற்ற வேண்டும்

விரிசல், வீக்கம், சீல் விட்ட டெர்மினல் மூன்றில் எது இருந்தாலும் பேட்டரியை மாற்றிவிடுங்கள். எம்-சீல் வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குலுங்கலில் அது நிற்காது. இப்படிப்பட்ட பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஜம்ப் ஸ்டார்ட்டும் கொடுக்காதீர்கள். தட்டில் ஆசிட் தின்ற இடத்தைச் சோடாவால் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்த பிறகே புதியதை வையுங்கள்.

சந்தேகமாக இருந்தால் சுத்தம் செய்த பேட்டரியைச் சுற்றிக் காய்ந்த செய்தித்தாளை வைத்து ராத்திரி விட்டுப் பாருங்கள். எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. காலையில் வண்டியை எடுக்கும் முன் தாளை எடுத்துவிடுங்கள்.

பழையதைப் புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் அதைக் குப்பையோடு போடுவதைத் தடுக்கின்றன. கொண்டு போகும்போது நிமிர்ந்த நிலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள், பின் சீட்டில் வேண்டாம்.