‘போர்ட் லூயிஸ்’ என்று இருந்தால் எந்தப் போர்ட் லூயிஸ் என்று கண்டுபிடிப்பது எப்படி

மொரீஷியஸில் முன்னோர்களின் பதிவுகளைத் தேடுகிறீர்களா? ‘போர்ட் லூயிஸ்’ என்று கண்டதும் நம் தலைநகரம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், முதலில் ஆண்டைப் பாருங்கள். நெப்போலியன் பேரரசராக இருந்தபோது, 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடிக்கும் வரை, இதே ஊருக்குப் ‘போர்ட் நெப்போலியன்’ என்று பெயர், அதனால் அந்தக் காலத்துக்கு இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், எந்த நாடு? பிரான்ஸின் பிரிட்டனி கரையில், லோரியானுக்கு எதிரே, ஒரு போர்ட் லூயிஸ் இருக்கிறது. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலும் ஒன்று உண்டு. இதுதான் நம்மை உண்மையிலேயே குழப்பும், ஏனென்றால் அந்தத் தீவுக்கும் 19ஆம் நூற்றாண்டில் நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனார்கள். கப்பல் எந்தக் கடலில் போனது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

நம் தீவுக்குள்ளேயே இது நகரத்தின் பெயர், மாவட்டத்தின் பெயரும்கூட, தேர்தல் சமயத்தில் ‘போர்ட் லூயிஸ் வடக்கு’ போன்று தொகுதிப் பெயர்களிலும் வரும். விமானச் சீட்டில் போர்ட் லூயிஸ் என்று காட்டினால் அது தென்கிழக்கில் பிளெசான்ஸில் உள்ள சர் சிவசாகர் ராம்கூலம் விமான நிலையம், அங்கிருந்து நகரத்துக்கு வண்டியில் போக வேண்டும், உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.