பெட் பாட்டில் மறுசுழற்சி: மெஷின் வாங்கும் முன் 10 கிலோவில் செய்து பாருங்கள்

மறுசுழற்சித் தொழிலில் இறங்க நினைக்கும் பலரும் முதலில் விசாரிப்பது கிரைண்டர் (பாட்டிலைத் துண்டாக்கும் மெஷின்) விலையை. அது கடைசி வேலை. பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டிலில் லாபமா நட்டமா என்பது தரம் பிரிக்கும்போதே முடிவாகிவிடும். அதை மொட்டை மாடியிலேயே சோதித்துப் பார்க்கலாம். தராசு, இரண்டு பக்கெட், கத்தி, கையுறை, கல்லுப்பு போதும்.

1. சரக்கு. சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கக் காயலான் கடைகளில் கேளுங்கள். நசுக்காத பாட்டிலாக வாங்குவது நல்லது. நசுக்கியதில் உள்ளே நிற்கும் தண்ணீருக்கும் மண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பீர்கள். கல்யாண மண்டபத்துச் சரக்கு விலை கூடுதலாக இருந்தாலும், குப்பை மேட்டுச் சரக்கைவிடக் கழிவு குறைவு.

2. நிறம் பிரித்தல். நிறமில்லாதது, வெளிர்நீலம், பச்சை என்று தனித்தனிக் குவியல். எண்ணெய் பாட்டில் வேண்டவே வேண்டாம். அதன் பிசுக்கு கழுவும் தண்ணீரில் இறங்கி மொத்தச் சரக்கின் மேலும் படியும்.

3. மூடி, கழுத்து வளையம், லேபிள் மூன்றையும் எடுங்கள். மூடியைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குத் தனி விலை உண்டு.

4. பிவிசி (PVC). இது வேறொரு பிளாஸ்டிக், பெட்டோடு கலக்கவே கூடாது. இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெட் உருக 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். பிவிசி அதற்கு வெகு முன்பே சிதைந்து அமில வாயுவை விடும். அது பெட்டையும் கெடுக்கும். சரக்கு மஞ்சளாகும், கரும்புள்ளி விழும். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான் (தண்ணீர் 1 என்றால் பெட் சுமார் 1.38), அதனால் தண்ணீரில் போட்டுப் பிரிக்க முடியாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பாட்டிலின் அடியில் நடுவே புள்ளி இருந்தால் பெட். குறுக்கே கோடு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மடக்கிய இடம் வெள்ளை பூத்தாலும் சந்தேகப்படலாம். பாட்டில் முழுக்கச் சுருங்கிப் பிடித்திருக்கும் உறை பல நேரம் பிவிசிதான். துணுக்குகூட மிஞ்சக் கூடாது. கொளுத்திப் பார்க்காதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

5. மிதப்புச் சோதனை. பாட்டிலை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு பெட்டும் மிதக்கும். மூடித் துணுக்குகள் மேலே வரும், பெட் அடியில் தங்கும். பாலிஸ்டைரின் என்ற இன்னொரு பிளாஸ்டிக் துண்டும் (அடர்த்தி 1.05) அடியில்தான் கிடக்கும். மூழ்கியதை எடுத்து, லிட்டருக்கு 300 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டால் பாலிஸ்டைரின் மிதந்துவிடும். பெட் அப்போதும் மூழ்கும்.

திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தாலும் சோதனை கெடாது. ஆனால் கடைசி அலசல் நல்ல தண்ணீரில்தான். காய்ந்த துண்டில் உப்பு படிந்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். பின்னால் மெஷின் போடும்போது பிளேடும் பேரிங்கும் துருப்பிடிக்கும்.

6. கழுவுதல். ஆலைகளில் காஸ்டிக் சோடா கலந்த, 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கழுவுவார்கள். லேபிள் பசை போவது அதில்தான். வீட்டில் காஸ்டிக் வேண்டாம், தோல் வெந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும். பசை ஒட்டிய துண்டுகளைத் தனியே எடுத்து எடை போட்டுக்கொள்ளுங்கள்.

7. கணக்கு. நன்றாகக் காயவைத்து எடை பாருங்கள். கிலோ 30 ரூபாய்க்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால் 10 கிலோ 300 ரூபாய். நல்ல துண்டு 7.5 கிலோ தேறினால் அடக்கவிலை கிலோ 40 ஆகிவிட்டது, அதுவும் கூலி, தண்ணீர், கரண்ட், மீன்பாடி வண்டி வாடகை சேர்க்காமல்! துண்டை எடுத்துப்போய் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். 40-க்கும் அவர்கள் சொல்லும் விலைக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் தொழில்.

2022-இல் வந்த பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகளின்படி, பிளாஸ்டிக் பேக்கேஜிங்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சான்றிதழ் வாங்கி, அந்தப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்யவேண்டிய தங்கள் பொறுப்பை நிறைவேற்றலாம். பதிவு இல்லாதவருக்கு அந்த வருமானம் கிடையாது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஒப்புதலை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

8. கணக்கு தேறினால் மட்டும் கிரைண்டர். விற்பவர் காட்டும் சுத்தமான சாம்பிளை நம்ப வேண்டாம். நீங்கள் பிரித்த பாட்டிலையே கொண்டுபோய் 10–12 மி.மீ. சல்லடை போட்டு ஓட்டச் சொல்லுங்கள். தூள் நிறைய விழுந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, இல்லை இடைவெளி சரியாக வைக்கவில்லை. அதைச் சரிசெய்து திரும்ப ஓட்டிக் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.