நாவலையும் அதன் திரைவடிவத்தையும் மாணவர்களுடன் சேர்த்து வாசிக்கும் முறை

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வாசகர் வட்டம் நடத்துவோர், விக்டோரியா கால நாவலொன்றை அதன் திரைப்படத்தோடு மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்பினால், சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலில் தொடங்கலாம். 59 அத்தியாயங்கள் கொண்ட இதனை டேவிட் லீன் 1946இல் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும் படமாக்கினார்.

நாவலை முழுவதும் படித்த பிறகே படம் என்று வற்புறுத்த வேண்டாம். முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதிச் சதுப்பு நிலத்தில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் சிறுவன் பிப்பை, சிறைக்கப்பலிலிருந்து தப்பிய கைதி ஒருவன் பிடித்துக்கொள்கிறான். காரங்காட்டு அலையாத்திக் காட்டின் சேற்றை அறிந்த பிள்ளைகளுக்கு அந்த நிலம் எளிதில் விளங்கும். அங்கே வெயிலுக்குப் பதில் ஈரக் குளிர் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பிறகு, கேமராவை எங்கே வைப்பார்கள் என்று ஒவ்வொருவரும் தாளில் வரைந்த பின்னரே படத்தின் தொடக்கத்தைத் திரையிடுங்கள். நாவலில் கைதியின் அதட்டல் முதலில் கேட்கிறது, ஆள் பிறகுதான் எழுந்து வருகிறான். படத்திலோ ஓடத் திரும்பும் பிப் நேராக அவன்மீதே மோதுகிறான். இந்த ஒரு மாற்றத்தைப் பேசவே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம், ஏனெனில் எழுத்தின் அச்சமும் காட்சியின் அச்சமும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து 54ஆம் அத்தியாயம். அதே கைதியை வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றிவிட, வளர்ந்த பிப்பும் நண்பர்களும், தேம்ஸ் நதியில் காலை ஒன்பது மணிக்கு நீர் வற்றத் தொடங்கி மூன்று மணிவரை கடலை நோக்கி இழுக்கும் என்று கணக்கிட்டுப் படகு வலிக்கிறார்கள். இப்பகுதியை விளக்கும் பொறுப்பை மீனவ வீட்டுப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஆசிரியரைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். நீராவிக் கப்பல் வந்து மோதும் படக்காட்சியை அதற்குப் பின் பார்க்கலாம்.

பிப்பின்மேல் பகைகொண்ட பட்டறை வேலையாள் ஆர்லிக் என்னும் பாத்திரம் படத்தில் இல்லை. அவன் இல்லாததால் கதை எதை இழக்கிறது என்று கேளுங்கள். முடிவை இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவை, எழுத்தாள நண்பர் புல்வர் லிட்டனின் யோசனையால் மாற்றினார். லீனின் படத்திலோ பிப் திரைச்சீலைகளைக் கிழித்தெறிந்து, மிஸ் ஹாவிஷாம் என்னும் பணக்காரச் சீமாட்டியின் இருண்ட வீட்டுக்குள் வெளிச்சத்தை விடுகிறான். இந்த மூன்று முடிவுகளில் எது கதைக்குப் பொருந்துகிறது என்பதை மாணவர்கள் காரணத்தோடு எழுதட்டும்.

அடுத்த சுற்றுக்கு ‘ஜேன் அயர்’ நாவலையும், அக்கதையைத் தழுவிய ‘சாந்தி நிலையம்’ (1969) படத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.