பறவை படம் எடுக்க முதல் டெலி லென்ஸ்: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

கேமரா வாங்கி ஆறு மாதம் ஆனவர்கள் வேடந்தாங்கல் காட்சிக் கோபுரத்தில் பக்கத்தில் வந்து நின்று கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, எத்தனை மி.மீ. வாங்கலாம்?" மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை படத்தில் பெரிதாக விழும் என்பதால், கேட்டவருக்கு 600 என்று சொல்லி அனுப்புவது சுலபம். ஆனால் வீட்டு அலமாரியில் தூங்கும் 600 மி.மீ. லென்ஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் பதிலுக்கு நான் கேட்பது: எதை, எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகிறீர்கள்?

படி 1: தூரத்தை அளந்து கணக்குப் போடுங்கள்

நீங்கள் அடிக்கடி போகக்கூடிய இடத்துக்கு, அது ஊர் ஏரிக்கரையாக இருந்தாலும் சரி, கேமரா இல்லாமல் ஒரு காலை போய் வாருங்கள். பறவைகள் எவ்வளவு நெருங்க விடுகின்றன என்று பாருங்கள். சராசரி நடையில் ஓர் எட்டு முக்கால் மீட்டர். 27 எட்டு வைத்தால் ஏறக்குறைய 20 மீட்டர். தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கு இடையே நடந்து பழகினால் கண்ணாலேயே மதிப்பிட வந்துவிடும்.

இனி கணக்கு. நிக்கான், சோனியின் கிராப் சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லில் சிறிய வகை) 23.5 மி.மீ. அகலம். தூரத்தை (மீட்டரில்) லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து 23.5 ஆல் பெருக்குங்கள்; படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று தெரியும். கேனன் என்றால் 22.3 ஆல் பெருக்குங்கள்.

20 மீட்டரில் 300 மி.மீ. லென்ஸ்: அகலம் 1.57 மீட்டர், உயரம் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சங்குவளை நாரை நின்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, படம் நிறைந்துவிடும். அதே இடத்தில் சிறிய நீல மீன்கொத்தி வந்து உட்காருகிறது. அலகு முதல் வால் வரை 17 செ.மீ. படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான் அது பிடிக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 650 பிக்சல். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், சட்டம் போட்டு மாட்ட முடியாது. 600 மி.மீ. போட்டால் அது 1,300 பிக்சல் ஆகும். 300 மி.மீ. லென்ஸோடு 10 மீட்டருக்கு நெருங்கினாலும் அதே 1,300 பிக்சல்தான். அந்த 10 மீட்டரைத் துணிக்கூடாரத்துக்குள் உட்கார்ந்து பொறுமையால் சம்பாதிக்கலாம். கடையில் காசு கொடுத்தும் சம்பாதிக்கலாம்.

முதுமலை வண்டியில் யானையைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். 40 மீட்டரில் 600 மி.மீ. போட்டால் முகம் மட்டும்தான் வரும். 300 மி.மீ.யிலேயே வளர்ந்த கொம்பன் முழுதாக அடங்காது. காட்டு விலங்குக்கு 70-ல் தொடங்கும் ஸூம் போதும். மில்லிமீட்டர் பசி பறவைக்காரர்களின் நோய்.

படி 2: உங்கள் கேமராவில் பொருந்துமா?

இதில் ஏமாந்தவர்கள் அதிகம். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமரா உடல்களில், லென்ஸைத் தானாக ஃபோகஸ் செய்யவைக்கும் மோட்டார் கிடையாது. "ஏஎஃப்-டி" என்று எழுதிய பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். "ஏஎஃப்-எஸ்" வாங்குங்கள், அதில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். "ஏஎஃப்-பி" என்றால் இன்னொரு சிக்கல்: டி3200, டி5100, டி90, டி7000 போன்ற பழைய உடல்களில் கையால்கூட ஃபோகஸ் ஆகாது.

கேனனில் டிஎஸ்எல்ஆருக்கான (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) பழைய இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) மாட்டலாம். மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட வழியே இல்லை. நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாறும் எண்ணம் இருக்கிறவர்கள் இஎஃப் லென்ஸ் வாங்கினால் பணம் வீணாகாது.

படி 3: வெளிச்சமும் நடுக்கமும்

பெட்டியில் எஃப் என்ற எழுத்தோடு இருக்கும் எண் சிறியதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் வரும். 5.6-க்கும் 6.3-க்கும் ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 5.6-லிருந்து 8-க்குப் போனால் பாதியாகிவிடும். 11 என்றால் கால்வாசி. பறவை சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலை ஆறரை மணிக்கு என்பதை மறக்காதீர்கள்.

நடுக்கத்தைத் தடுக்கும் வசதியைக் கேனன் ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், சிக்மா ஓஎஸ் என்றும், டாம்ரான் விசி என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும் சொல்லும். முதல் லென்ஸில் இது இருக்கட்டும். ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடித்து நிறுத்தும், பறக்கும் கொக்கை நிறுத்தாது. அதற்கு 1/1600 நொடி ஷட்டர் வேண்டும்.

கேமராவோடு "இரண்டு லென்ஸ் சலுகை" என்று கட்டித்தரும் கேனன் 75-300-இல் இந்த வசதி இல்லை. 300-இல் படமும் மசமசவென்று இருக்கும். சலுகையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி மி.மீ.யை இரட்டிப்பாக்கும் டெலிகன்வெர்ட்டரும் அப்படித்தான். 1.4 மடங்குக் கன்வெர்ட்டரைப் போட்டாலே 6.3 லென்ஸ் 9 ஆகிவிடும், சாதாரண டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் பிடிக்காமல் திணறும்.

படி 4: எதை வாங்கலாம்?

விலை மாதாமாதம் மாறுவதால் தொகை எழுதவில்லை. மலிவிலிருந்து மேலே போகிறேன்.

கேனன் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு என் முதல் பரிந்துரை இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம். 375 கிராம்தான். கல்லூரிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்வதால் வண்ணத்துப்பூச்சிக்கும் ஆகும். பின்னால் எஸ்டிஎம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பழைய வகையும் சந்தையில் சுற்றுகிறது. நிக்கானில் இதே இடத்தில் ஏஎஃப்-பி 70-300 விஆர் இருக்கிறது. விஆர் இல்லாத அதே 70-300-உம் உண்டு, பெட்டியை நன்றாகப் படியுங்கள். சோனி கிராப் உடலுக்கு 70-350 நல்லது, ஆனால் "மலிவு" என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

நடுவில் சிக்மா, டாம்ரான் இரண்டின் 100-400-கள். ஒரு கிலோவை ஒட்டிய எடை. ஒரு முழுக் காலையும் கையில் பிடித்து நடக்கக்கூடிய கடைசி எல்லை இதுதான் என்பது என் அனுபவம். கேனன் மிரர்லெஸ்ஸுக்கு ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஆனால் 400-இல் எஃப் 8.

அதற்கும் மேலே சிக்மா 150-600 கன்டெம்பரரி, டாம்ரான் 150-600, நிக்கான் 200-500. மூன்றும் இரண்டு கிலோ சுற்றி. வாங்கும் முன் ஒரு சோதனை: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கண் உயரத்தில் ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். கை நடுங்கினால் மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டிச் சன்னலில் வைக்க, தைத்த துணிப்பையில் இரண்டு கிலோ பயறு போட்டால் போதும்.

படி 5: ஒரு வாரக்கடைசி வாடகைக்கு எடுங்கள்

பெரிய ஊர்களில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. 150-600 வாங்க நினைத்தால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஞாயிறு இரவு உங்கள் தோள் உண்மையைச் சொல்லும்.

படி 6: பழைய லென்ஸ் வாங்கும்போது

மிச்சம் பிடிக்க நல்ல இடம் இதுதான், சறுக்கும் இடமும் இதுதான். என் முதல் 70-300-ஐ மழைக்கால மாலை ஒன்றில், டீக்கடை மங்கல் விளக்கில் பார்த்து வாங்கினேன். வீட்டில் டார்ச் அடித்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள். பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி, மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம்.

ஆகவே பகலில் சந்தியுங்கள், டார்ச் கொண்டுபோங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நிக்கான் ஜி வகை லென்ஸைக் கழற்றினால் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) மூடிக்கொள்ளும், பின்னால் உள்ள சிறு நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. நூல் போல, மேகம் போல எது தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறலைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின்கண்ணாடிக் கீறல் வேண்டாம்.

அடுத்து உங்கள் கேமராவில் மாட்டுங்கள். பக்கத்து நம்பர் பிளேட்டில் ஒரு ஃபோகஸ், தூரத்து மரத்தில் ஒரு ஃபோகஸ், பத்துத் தடவை. இழுத்தாலோ கரகரத்தாலோ மோட்டார் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு முழு ஸூமில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, செங்கல் சுவரையோ ஒட்டிய செய்தித்தாளையோ நேராக நின்று ட்ரைபாடில் எடுங்கள். அப்போது நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள். நான்கு மூலையும் சமமாக மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எங்கோ கீழே விழுந்த லென்ஸ்.

டிஎஸ்எல்ஆரில் இன்னொன்று. அதே படத்தை லைவ் வியூவிலும் (பின்திரையைப் பார்த்து) வ்யூஃபைண்டரிலும் (கண்ணை வைத்துப் பார்த்து) எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் மட்டும் கூர்மை என்றால் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழுகிறது. கேனன் 1500டி, நிக்கான் டி5600 போன்ற உடல்களில் அதைத் திருத்தும் வசதி இல்லை. சிக்மா கன்டெம்பரரியையும் டாம்ரான் 150-600-இன் இரண்டாம் தலைமுறையான ஜி2-வையும் அவற்றின் தனிக் கருவியால் திருத்தலாம்.

படி 7: பில்லும் பெட்டியும்

புதிதாக வாங்கினால் ஜிஎஸ்டி பில்லும், அதில் வரிசை எண்ணும், இந்திய வாரண்டி அட்டையும் வேண்டும். சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகச் சொன்னால் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம், வாரண்டி இங்கே செல்லாது. மலிவு யூவி ஃபில்டரை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மறுத்துவிட்டு, ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) பெட்டியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்கள் லென்ஸைத் தோல்பையில் பூட்டி வைக்கக் கூடாது. காற்றுப் புகாத சமையலறை டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய் ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும்.

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, அதற்குள் இரண்டு காலை எடுத்துப் பாருங்கள். மாடு மேயும் இடத்தில் உண்ணிக்கொக்கு நல்ல மாடல்: கிட்ட விடும், வெள்ளை நிறம் என்பதால் வெளிச்சம் கற்றுத்தரும், அடிக்கடி பறக்கும். உட்கார்ந்த கொக்கின் கண்ணில் ஃபோகஸ் வைத்து 20 படம். பத்துக்கு மேல் கண் மங்கினால், அந்த அவகாசம் முடியும் முன் லென்ஸைப் பெட்டியோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.