காசு கைமாறாவிட்டாலும் கணக்கு உண்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் குடியேறிய புதிதில் கையில் ராண்ட் கம்மியாக இருக்கும், தொழில் தெரிந்திருக்கும். சீக்கிரமே யாராவது, "நீ இதைச் செய்து கொடு, நான் அதைச் செய்து தருகிறேன்" என்பார்கள். செய்யலாம். ஆனால் காசு வாங்காவிட்டால் வரியும் கிடையாது என்று நம் ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

விசிட்டர் விசாவில் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குடிவரவுச் சட்டத்துக்கு அது வேலைதான்.

மற்றவர்களுக்கு என் கதை. தெருமுனை மெக்கானிக் அண்ணாவுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் என் பக்கிக்கு கிளட்ச் மாற்றித் தந்தார். (பக்கி என்றால் இங்கே பிக்கப் வண்டி, யாரையும் திட்டவில்லை.) வெளியே மாற்றினால் 4,600 ராண்ட் ஆகும் வேலை. அந்த 4,600-ஐ நான் வருமானமாகக் காட்டியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. 1962-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 'ரொக்கமாகவோ வேறு விதமாகவோ' வந்தது எல்லாமே வருமானம் என்கிறது. அண்ணாவும் என் கணக்கு வேலையின் மதிப்பை அவர் பக்கம் காட்ட வேண்டும். அவர் வாங்கிப் போட்ட கிளட்ச் தட்டின் விலை கடைச் செலவில் கழியும். என்னுடையது வீட்டு வண்டி, எனக்கு எதுவும் கழியாது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

பண்டம்கூட வேண்டாம், ஒரு வசதி கிடைத்தாலே போதும். முதியோர் குடியிருப்பு நடத்திய சில நிறுவனங்கள் வீட்டில் ஆயுள்வரை தங்கும் உரிமையைக் கொடுத்து, பதிலுக்கு வட்டியில்லாக் கடன் வாங்கின. அந்த வட்டியில்லாச் சலுகைக்கும் பணமதிப்பு உண்டு, அதுவும் வருமானம்தான் என்று 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மெக்கானிக் வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு செய்தவராக இருந்தால் சந்தை மதிப்பின்மேல் 15 சதவீதமும் சேரும். அந்த 4,600-இல் 4,000 வேலையின் மதிப்பு, 600 வாட். கோயில் அர்ச்சகர், ஹோட்டல் சமையல்காரராக வருபவர்களுக்கு முதலாளி கொடுக்கும் அறையும் சம்பளத்தோடு சேர்ந்த சலுகை. முதலாளி தரும் ஐஆர்பி5 என்ற சம்பள வரிச் சான்றிதழில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்குச் சாம்பார் கொடுத்துக் கறிவேப்பிலை வாங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை. இதே வேலையை வெளியாளுக்குச் செய்தால் பில் போடுவோமா என்று யோசித்துப் பாருங்கள். போடுவோம் என்றால் எழுதி வையுங்கள். 2026 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டில் 65 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு, வரிக்குரிய வருமானம் 95,750 ராண்டைத் தாண்டினால்தான் வரி. ஆனால் சம்பளம், பண்டமாற்று எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வந்து ஆறு மாதம்தானே ஆகிறது என்பதும் எடுபடாது. வேலையை இங்கே செய்தீர்கள், வருமானமும் இந்த நாட்டுடையது.

சரி, எப்படி எழுதுவது? கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று வாங்குங்கள். தேதி, செய்த வேலை, பதிலுக்கு வந்தது, வெளியே அதற்கு என்ன விலை, இரண்டு பேர் கையெழுத்து, அவ்வளவுதான். வரித்துறையான சார்ஸ் கேட்டால் காட்ட ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். என்னுடையவை பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. இப்போதெல்லாம் அண்ணாவே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இதுக்கு எவ்வளவு போடலாம்?" என்று கேட்கிறார்.