விழுக்காட்டை ஆயிரம் பேராக மாற்றுங்கள்

கோலாலம்பூரில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்களுக்கு: நிகழ்தகவு நடத்தும்போது, செய்தியில் வரும் விழுக்காட்டை 1,000 பேராக மாற்றி வெண்பலகையில் எழுதுங்கள்.

2021 அக்டோபரில் மலேசியாவில் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் கோவிட் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருந்தார்கள். அதாவது 1,000 பேரில் 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். ஒரு பேச்சுக்கு, போட்டவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் தொற்று வருகிறது என்று வையுங்கள். முதல் கூட்டத்தில் 45 பேர், இரண்டாவதில் 20 பேர். "தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள்" என்ற தலைப்பு உண்மைதான். அதை வைத்து ஊசியால் பயனில்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு. சூத்திரம் என்றாலே திணறும் பிள்ளைகூட இதைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் எந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது கண்முன்னே இருக்கிறது.

டிங்கி காய்ச்சல் 'இரு மடங்கு' ஆனது என்ற செய்திக்கும் இப்படித்தான்: எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று முதலில் கேளுங்கள்.

அரிய நோய் என்றால் 1,000 போதாது, 100,000 எடுங்கள். சம்பளச் சராசரி, இடைநிலை (வரிசையின் நடுவில் வரும் எண்) பற்றிய செய்திகளுக்கு இந்த வழி உதவாது. அங்கே எண்களை வரிசையாக அடுக்கித்தான் காட்ட வேண்டும்.