பணியில் உயிர்நீத்த காவலரைப் பற்றிப் பேச, எழுத

காவல் நிலையத்தில் ரைட்டராக, அதாவது எழுத்து வேலைகளைப் பார்க்கும் காவலராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். அக்டோபர் 21 நெருங்கினால் யாராவது தேடி வருவார்கள். "காவலர் வீரவணக்க நாளுக்கு ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க, எழுதிக் கொடுங்கண்ணே" என்பார்கள். நான் எழுதித் தருவதில்லை. உயிர்நீத்த காவலரோடு பழகியவர் எழுதினால்தான் அதில் அவர் இருப்பார். எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்வேன்.

முதலில் 'வீரமரணம்', 'தியாகச் சுடர்' போன்ற சொற்களை ஒதுக்கி வையுங்கள். அவை யாருக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக அவர் உயிரோடு செய்த ஒரு காரியத்தைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு நாலு பேரிடம் பேச வேண்டும். பயிற்சிக் காலத்தில் பக்கத்துக் கட்டிலில் படுத்த பேட்ச் தோழர், கடைசியாக அவரோடு பீட் (ரோந்து) போனவர், அந்த ரோந்துப் பகுதியில் குடியிருப்பவர் ஒருவர், வீட்டில் ஒருவர். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் பதில் வரும். "நைட் டூட்டி முடிந்து வந்ததும் முதலில் என்ன செய்வார்?", "மனு எழுதத் தெரியாதவர் ஸ்டேஷனுக்கு வந்தால் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். ஒரு தலைமைக் காவலரைப் பற்றி இப்படிக் கேட்டபோது, மனு கொடுக்க வரும் வயதானவர்களைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே எழுதித் தருவார் என்று ஒரு பெண் காவலர் சொன்னார். உரை அங்கிருந்துதான் தொடங்கியது. அவர் பெயரைச் சொல்லும் முன்பே முன்வரிசையில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

இறப்பைப் பற்றிச் சொல்ல நாலு விவரம் போதும்: தேதி, இடம், என்ன பணியில் இருந்தார், யாரைக் காக்கப் போனார் அல்லது எதைத் தடுக்கப் போனார். காயங்களை விவரிக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரோ சாட்சியமோ உரையில் வரவே கூடாது. பெயர், தலைப்பெழுத்து, பதவி, பணியில் சேர்ந்த ஆண்டு எல்லாவற்றையும் பணிப்பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செய்தித்தாளை நம்பி எழுத வேண்டாம். தலைப்பெழுத்து தவறினால் அவருடைய அம்மாவுக்கு எவ்வளவு வலிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த நாள் ஏன் என்பதையும் ஓரிரு வரியில் சொல்லலாம். 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் 10 காவலர்கள் இறந்தார்கள். காணாமல் போன சக காவலர்களைத் தேடிப் போனவர்கள் அவர்கள். எல்லையை அப்போது காவலர்கள்தான் காத்தார்கள் என்பது இளம் காவலர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருக்கும். டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் அதே தேதியில் திறக்கப்பட்ட தேசிய காவலர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் பணியில் உயிர்நீத்தவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. குடும்பத்தினர் போக விரும்பினால், அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக் கொடுங்கள்.

எழுதியதும் முதலில் வீட்டாரிடம் வாசித்துக் காட்டுங்கள். போனில் வேண்டாம், நேரில் போங்கள். ஏதாவது வரியை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். படமும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். சீருடைப் படம்தான் வேண்டும் என்று நாம் நினைப்போம். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் படத்தை அவர்கள் கொடுக்கலாம். அதையே வையுங்கள்.

பேசும்போது ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். பெரிய எழுத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள், கண் கலங்கினால் சின்ன எழுத்து தெரியாது. குரல் உடைந்தால் நிறுத்துங்கள், மூச்சு விட்டுத் தொடருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், அந்தத் தாளில் ஒரு பிரதியைக் குடும்பத்திடமும் ஒன்றை ஸ்டேஷனிலும் கொடுத்து வையுங்கள். அந்த ஸ்டேஷனுக்கு மாறுதலில் புதிதாக வருபவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. மறு ஆண்டு பேசுபவர் வேறு ஒருவராக இருந்தால், நீங்கள் யாரிடமெல்லாம் பேசினீர்கள் என்ற பட்டியலையும் அவரிடம் கொடுங்கள். அவர் இன்னொரு சம்பவத்தைக் கேட்டு வருவார்.